சேற்றில் குட்டை ஆணி

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் ஓர் ஆள் தேவை. "அம்மா, அந்த உப்ப இங்க தரச் சொல்லு" என்று மகள் சொல்வாள். உப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அப்பா, காது கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டு, மனைவி வந்து திருப்பிச் சொன்ன பிறகுதான் கையை நீட்டுவார்.

"நான் ஆஸ்பத்திரில நர்ஸு. வீட்டுக்கு வந்தா உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி" என்று அந்த மனைவி அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

சண்டை பெரிய சண்டை ஒன்றும் இல்லை என்பது வாராவாரம் இந்தக் கதையோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக ஓட்டக் குழுவில் சேர்ந்த மகள், பயிற்சியில் கணுக்காலை மடக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வீடு வந்தாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அப்பாவுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "ஓடிக் கிழிச்சது போதும். இனிமே அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது" என்று ஒரு வார்த்தை விட்டார். "போவேன்" என்று அவளும் ஒரு வார்த்தை விட்டாள். அதோடு சரி. மூன்று வாரம் ஓடிவிட்டது. கால் தேறி அவள் மறுபடி ஓடப் போனாள். அவர் தடுக்கவில்லை. ஆனால் இறங்கிப் போய்ப் பேசவும் இல்லை.

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது, போட்டிக்கு முந்தின சாயங்காலம், மகளுடைய ஓட்ட ஷூவைப் பின்கட்டுப் பட்டறையில் கவிழ்த்து வைத்து லிஃப்ட்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்து தொலைக்கப் போகிறாரோ என்று சிலர் பதறியிருக்கலாம். கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. அவர் கணக்குப்படி அவர் செய்தது நல்ல காரியம்.

காட்டிலும் மேட்டிலும் ஓடுகிறவர்கள் போடும் ஷூவின் அடியில் ஆணிகள் திருகி மாட்டியிருக்கும். மகளின் ஷூவில் இருந்தவை நீள ஆணிகள். எந்தச் சாமானாக இருந்தாலும் அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் லிஃப்ட்காரருக்கு ஆகாது. இத்தனை உயரத்தில் ஏறி நின்று ஓடினால் கால் மடங்காமல் என்ன செய்யும் என்று அவருக்குத் தோன்றியது. கடைக்குப் போய்க் குட்டை ஆணி கேட்டார்.

"கெட்டித் தரைக்கு இது நல்லதுங்க. ஈரத்துல அவ்வளவா பிடிக்காது. வேகம் கொஞ்சம் குறையும்" என்றார் கடைக்காரர்.

குறையட்டுமே என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர். மெதுவாக ஓடினால் யார் அடிக்கப் போகிறார்கள்? அந்த நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. ஆணிப் பொட்டலத்தோடு சேர்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

நீள ஆணிகளைக் கழற்றிக் குட்டை ஆணிகளை மாட்டினார். அதோடு விட்டிருந்தால் இந்த வாரக் கதையே வேறு. அதிர்கிற இடத்தில் இருக்கும் எந்தத் திருகையும் அவர் பசை போடாமல் முடுக்கியது கிடையாது. லிஃப்ட் வேலையில் அது பாலபாடம். ஒவ்வொரு ஆணியின் மரையிலும் ஒரு சொட்டு நீலப் பசை விட்டு, இறுக்கி, துடைத்து, ஷூவுக்குப் பாலிஷும் போட்டு, பையில் பழையபடி வைத்துவிட்டார். மகள் பார்ப்பாள், மனசு இளகுவாள், உப்பை நேரடியாகவே கேட்பாள் என்று எண்ணம். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

வெளியே மழை வெளுத்து வாங்கியது அவருக்குத் தெரியாது.

காலையில் மனைவிக்குப் பகல் ஷிஃப்ட். கிளம்பும்போது அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"என் தம்பி வேன் எடுத்துட்டு வர்றான். நீங்களும் கூடப் போய்ட்டு வாங்க. புள்ள ஓடறத ஒரு தடவையாவது கண்ணால பாருங்க. ஆனா ஒண்ணு, வாயத் தெறக்காதீங்க."

"நான் என்ன சொல்லிடப் போறேன்?"

"அதான் எனக்கும் பயம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவியின் தம்பி ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். விநியோகத்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்ததால் வேன் முழுக்கச் சூடான ரொட்டி வாசனை. முன்னால் மூன்று பேர் உட்கார இடம். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தனக்கும் அப்பாவுக்கும் நடுவில் பையை நிமிர்த்தி வைத்தாள். எல்லைச் சுவர் மாதிரி அது வழி நெடுக நின்றுகொண்டிருந்தது.

"என்ன பம்பரம், தூங்கினியா?" என்றான் மாமன். அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்ததே இல்லை என்பதால் குழந்தையிலேயே அவன் வைத்த பெயர் அது.

"எங்க மாமா தூங்கறது. ராத்திரி பூரா மழைச் சத்தம். தரை எப்படி இருக்கும்னே தெரியல."

"மழை பெஞ்சா என்ன, குளிக்காமயே குளிச்ச மாதிரி ஆச்சு."

லிஃப்ட்காரர் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மழைக்கும் தனக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில்தான் போட்டி. புல்வெளி என்பது பேர்தான். நடக்க நடக்க ஷூவைச் சேறு பிடித்து இழுத்தது. கயிறு கட்டிப் பாதை பிரித்திருந்தார்கள். பாதை ஒரு வாய்க்காலைத் தாண்டி, மரங்களுக்குள் நுழைந்து, ஒரு மேட்டில் ஏறித் திரும்பி வந்தது. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு கூடாரம் போட்டிருந்தது. ஓரத்தில் ஓர் அம்மாள் பெரிய கெட்டிலோடு டீ விற்றுக்கொண்டிருந்தார்.

மகளின் குழுவுக்குக் கேப்டன் ஒரு நெட்டைப் பெண். கட்டைக் குரல்.

"எல்லாரும் ஒரு தடவை ஆணியப் பாத்துக்கோங்கப்பா. வாய்க்கா பக்கம் கணுக்கால் வரைக்கும் சேறு. நீள ஆணி இல்லாதவங்க இப்பவே சொல்லிடுங்க. குட்டை ஆணியோட போனா சறுக்குமரத்துல ஏறின மாதிரிதான்."

கூடாரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்த லிஃப்ட்காரர் அப்போதுதான் குனிந்து தன் காலடிச் சேற்றைப் பார்த்தார்.

உள்ளே மகள் பையைத் திறந்தாள். ஷூ பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஒரு கணம் அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். பிறகு அவள் ஷூவைக் கவிழ்த்தாள். கட்டைவிரலால் ஆணியைத் தடவினாள். இன்னொரு ஷூவையும் எடுத்துக் கவிழ்த்தாள்.

யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை. பட்டறை வைத்திருப்பவர் அவர்கள் வீட்டில் ஒருவர்தான். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள்.

"அப்பா."

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தார்! வந்த நேரம்தான் சரியில்லை.

"ஓட வேணாம்னு சொன்னீங்க. சரி, உங்க பயம் உங்களுக்குன்னு விட்டுட்டேன். ஆனா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, அப்புறம் பின்னால இப்படிச் செய்வீங்கன்னு நான் நெனக்கவே இல்லப்பா."

அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு அவரும் கத்தியிருப்பார், அது பழகின பாதை. அவள் கத்தவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்ல பாப்பா, நான் நல்லதுக்குத்தான்..."

"விடுங்க. கேப்டன்கிட்ட நீள ஆணி இருக்கு. மாத்திக்கறேன்."

அப்போதுதான் அவருக்குப் பசை ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அது... கழலாது" என்றார்.

"ஏன்?"

"பசை போட்டிருக்கேன்."

பக்கத்தில் ரொட்டி மென்றுகொண்டிருந்த மச்சானுக்குப் புரையேறிவிட்டது. "பசையா! ஷூவுக்கா? அத்தான், இது புள்ள கால்ல போடறது, பத்து மாடி ஏறி இறங்கற சாமான் இல்ல!"

"எதுக்குப்பா பசை?" என்றாள் மகள்.

"ஓடும்போது ஒண்ணு கழண்டு விழுந்துச்சுன்னா கால் மடங்கிடும்ல" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

மகளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமும் இல்லை. கேப்டன் வந்து ஆணி கழற்றும் சின்னச் சாவியைப் போட்டு முக்கிப் பார்த்தாள். சாவிதான் வழுக்கிச் சுற்றியது, ஆணி அசையவில்லை.

"சார், என்னத்தப் போட்டீங்க? பிரசவத்துக்குக்கூட இவ்வளவு முக்க வேண்டியிருக்காது போலிருக்கே" என்றாள்.

அவமானத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு, ஆணி கழலாத சங்கதி என்று வந்ததும் கை தானாகத் துறுதுறுத்தது. அந்தப் பசை சூட்டுக்கு இளகும். "மச்சான், வேன்ல குறடு இருக்கா? ரொட்டி வேக வைக்கிற தகர அச்சு ஒண்ணும் எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு டீக்கார அம்மாளிடம் ஓடினார்.

"டீயா, காப்பியா?" என்றார் அந்த அம்மாள்.

"வெறும் சுடுதண்ணி. கொதிக்கக் கொதிக்க வேணும்."

"டம்ளர் எங்க?"

மச்சான் ரொட்டி அச்சை நீட்டினான். அந்த அம்மாள் அச்சைப் பார்த்தார், இவர் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தண்ணீரை ஊற்றினார். ஆயிரம் பேருக்கு டீ கொடுத்தவர், பார்க்காத பைத்தியமா?

ஷூவின் அடிப்பாகத்தை மட்டும், ஆணி முழுகும் அளவுக்குத் தண்ணீரில் பிடித்தார் லிஃப்ட்காரர். அவருக்கு விரல் வெந்தது. எடுத்துக் குறடால் பிடித்துத் திருகினார். முதல் ஆணி முனகிக்கொண்டு வெளியே வந்தது. மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேப்டன் கொடுத்த நீள ஆணியை அந்த ஓட்டையில் திருகினாள். அவர் கழற்றக் கழற்ற அவள் மாட்டினாள். மூன்று வாரத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான், அதுவும் அவர் செய்ததை அவரே அவிழ்க்கும் வேலை.

"ஆறிப் போச்சு, இன்னொரு அச்சுத் தண்ணி!" என்று அவர் குரல் கொடுக்கும்போது ஒலிபெருக்கி பெண்கள் ஓட்டத்துக்கு அழைத்தது.

ஒரு ஷூவில் முன்பக்க ஆணிகள் எல்லாம் மாறியிருந்தன. அடுத்ததில் முன்னால் இரண்டுதான் ஆகியிருந்தது.

"போதும்ப்பா, நேரமாச்சு."

"ஒரு நிமிஷம், பின்னால இருக்கறதையும்..."

"ரெண்டு காலும் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஓட முடியும். ஒண்ணுல நீளம், ஒண்ணுல குட்டைன்னா அது இன்னும் மோசம்." அவளே முதல் ஷூவில் கூடுதலாக இருந்த நீள ஆணிகளைக் கழற்றி, குட்டை ஆணிகளை மறுபடி மாட்டி இரண்டையும் சமம் செய்தாள். காலில் ஏற்றினாள். எழுந்தாள். "போய்ட்டு வரேன்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு ஓடினாள்.

"என்கிட்டதான் சொல்லிட்டுப் போனா" என்றான் மச்சான்.

"மூஞ்சி இந்தப் பக்கம்தான் இருந்துச்சு" என்றார் லிஃப்ட்காரர்.

அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

கயிற்றோரம் இடம் பிடித்து நின்றார்கள். மச்சான் இதற்குள் நாலு பேரை விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்திருந்தான். ஒரு குழுவுக்கு ஆறு பேர் ஓடுவார்கள். அதில் முதலில் வரும் நாலு பேர் எந்தெந்த இடத்தில் வந்தார்களோ அதைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக இருக்கும் குழு முதல். மூன்றாவது வரை வந்தால் அடுத்த பெரிய போட்டிக்குப் போகலாம்.

"நம்ம பம்பரம் அவங்கள்ல நாலாவது ஆளு."

"அப்படின்னா?"

"கடைசியாக் கூட்டறது அவ இடம்தான். அவளுக்குப் பின்னால வர்ற ரெண்டு பேரும் சுமார்தானாம். இவ வழுக்குனா மொத்தக் குழுவும் வழுக்கும்."

வேகம் குறையட்டும் என்று நினைத்தபோது லிஃப்ட்காரர் அவள் ஒருத்தியைத்தான் நினைத்தார். ஒரு கூட்டமே அவள் பின்னால் தொங்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

துப்பாக்கி வெடித்தது. நூறு பெண்பிள்ளைகளாவது இருக்கும், ஒரே மூச்சில் சேற்றில் இறங்கினார்கள். முதல் சுற்று முடிந்து வரும்போது யார் எந்தக் கல்லூரி என்றே தெரியவில்லை. எல்லோரும் ஒரே மண்ணில் பிடித்து வைத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஆனால் இடது முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டு ஓடும் அந்த ஓட்டம் அவருக்குத் தெரியாதா? பார்த்ததும் வாயிலிருந்து தானாக வந்தது.

"மெதுவா! பாப்பா, மெதுவா!"

போ, போ, பிடி, விடாதே என்று சுற்றிலும் கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத்தான், இது பந்தயம்" என்றான் மச்சான். "மெதுவாப் போறதுக்கு அவ வீட்டுலயே நடந்துட்டிருக்கலாமே. அக்கா வாயத் தெறக்காதீங்கன்னு சும்மாவா சொன்னா?"

இரண்டாவது சுற்றில்தான் அது நடந்தது. வாய்க்காலுக்கு இறங்குகிற சரிவில் முன்னால் போனவர்கள் மண்ணைக் கலக்கிக் கூழாக்கிவிட்டிருந்தார்கள். மகள் இறங்கினாள். முன்ஆணிகள் பிடித்தன, பின்னால் இருந்த குட்டை ஆணிகள் பிடிக்கவில்லை. இடது கால் பக்கவாட்டில் போனது. அவள் ஒருக்களித்து விழுந்து, கொஞ்ச தூரம் சறுக்கி, வாய்க்கால் தண்ணீரில் போய்க் கிடந்தாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்து ஓடின. கயிற்றைத் தூக்கி உள்ளே ஒரு காலை வைத்துவிட்டார். மச்சான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான்.

"உள்ள போகாதீங்க அத்தான்! யாராவது தொட்டுத் தூக்கினா அவள ஆட்டத்த விட்டே எடுத்துடுவாங்க."

"விழுந்துட்டாடா!"

"பாத்தேன். எழுந்துடுவா, பாருங்க."

எழுந்தாள். முகத்தில் பாதி சேறு. அவள் எழுந்திருப்பதற்குள் நாலைந்து பேர் தாண்டிவிட்டார்கள். அவள் காலைக் குனிந்து பார்க்கவில்லை, அவர் பக்கமும் பார்க்கவில்லை. ஓடத் தொடங்கினாள். லிஃப்ட்காரர் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் தள்ளிவிட்டேன் என்று அவருக்குத் தோன்றியது. வேறு எப்படிப் பார்த்தாலும் அது அப்படித்தான் இருந்தது.

கடைசிச் சுற்றில் மேட்டு ஏற்றத்துக்கு ஓடிப்போய் நின்றார்கள். ஏற்றத்தில் முன்ஆணிதான் வேலை செய்யும். அங்கே அவள் ஒவ்வொருத்தியாகப் பிடித்தாள். வேகம் என்று சொல்ல முடியாது, எல்லோருமே தவழாத குறைதான். தாண்டிப் போனவர்களில் ஒருத்தி தெரிந்தாள், பிறகு பின்னால் போனாள். இன்னொருத்தி. அதற்கப்புறம் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில்.

மச்சான் தொண்டை கிழியக் கத்தினான். லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவே இல்லை. அவளுக்குப் பதிலாகத் தானே ஏறுகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மகள் சிவப்புச் சட்டையைத் தாண்டினாள்.

கூட்டிப் பார்த்துச் சொல்ல நேரம் பிடித்தது. கடைசியில் ஒலிபெருக்கியில் மூன்றாவது குழு என்று இவர்கள் பெயரைச் சொன்னபோது கேப்டன் போட்ட சத்தத்தில் டீக்கார அம்மாள் கெட்டிலையே கீழே வைத்துவிட்டார். ஒரே ஓர் இட வித்தியாசம். சிவப்புச் சட்டையைத் தாண்டின அந்த ஓர் இடம். ஆறு பெண்களும் சேற்றோடு சேறாகக் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

ஆறு இல்லை, ஐந்து. மகள் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள், குதிக்கவில்லை. லிஃப்ட் ஏறும் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லுகிறவர் அவர். அவள் பாரம் முழுக்க வலது காலில் நிற்பதை அவர் கண்டுகொண்டார்.

மச்சான் மிச்சமிருந்த ரொட்டிகளைக் குழுவுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துத் தானே ஓடி ஜெயித்தவன் மாதிரி வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தான். அப்பாவும் மகளும் வேனுக்கு வந்தார்கள். பின்கதவைத் திறந்துவிட்டு, விளிம்பில் அவள் உட்கார்ந்தாள். அவர் கீழே நின்றார்.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"கடைக்காரர் சொன்னாரு. ஈரத்துல பிடிக்காது, வேகம் குறையும்னு. மழை வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா வேகம் குறையும்னு தெரியும். குறையட்டும்னுதான் வாங்கினேன்."

சொல்லிவிட்டார். இதைச் சொல்லாமலே சமாளித்திருக்கலாம். நல்லதுக்குச் செய்தார், மழை கெடுத்தது என்று அவளும் நம்பியிருப்பாள். இப்போது அந்த வழியும் போயிற்று.

மகள் கன்னத்தில் காய்ந்த சேற்றை நகத்தால் உரித்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ஒரு பல்பு வாங்கணும்னா கடைக்காரர அர மணி நேரம் நிக்க வெச்சுக் கேள்வி கேக்கற ஆளு நீங்க. என் ஷூவுக்கு வாங்கறப்ப விசாரிக்காமலா வாங்கியிருப்பீங்க?"

"கோவமா?" என்றார் அவர்.

"ஆமா. கோவம்தான்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா திரும்பவும் மூணு வாரம் பேசாம இருக்க என்னால ஆகாதுப்பா. சண்டை போடறதுன்னா பேசியே போட்டுக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். ஈரத் தரையில் முழங்காலிட்டு அவள் ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். சேற்றில் ஊறிய முடிச்சு லேசில் அவிழவில்லை. இடது ஷூவை இழுத்தபோது அவள் உதட்டைக் கடித்தாள். சாக்ஸை உரித்தார். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. பந்து மாதிரி வீங்கியிருந்தது.

"எப்ப?"

"வாய்க்காகிட்ட விழுந்தேன்ல, அப்ப."

நின்றிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். எந்தக் காலைக் காப்பாற்ற ராத்திரி முழுக்கக் காயட்டும் என்று பசை போட்டாரோ அந்தக் கால். அவருக்கு அழுகை வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டார்.

"அடுத்த போட்டி எப்போ?"

"ரெண்டு வாரத்துல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, அம்மாகிட்ட சொல்லாதீங்க. பாத்தாங்கன்னா அன்னிக்கே கட்டுப் போட்டுப் படுக்க வெச்சுடுவாங்க. நாலாவது ஆள் இல்லாம எங்க குழு என்ன பண்ணும்? நான் ஐஸ் வெச்சுக்கறேன். சரியாயிடும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

உங்ககிட்ட மட்டும்! இத்தனை நாள் முகம் கொடுக்காத பெண் இன்றைக்கு ரகசியம் கொடுக்கிறாள். அதுவும் ஆஸ்பத்திரியில் ஆயிரம் காலுக்குக் கட்டுப் போட்ட ஒருத்தியிடம் மறைக்க வேண்டிய ரகசியம். அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவிதான்.

"என்னங்க, முடிஞ்சுதா? என்ன ஆச்சு?"

"மூணாவது. அடுத்த போட்டிக்குப் போறாங்க."

அந்தப் பக்கம் அவள் சந்தோஷத்தில் யாரிடமோ, "என் பொண்ணு, என் பொண்ணு" என்று சொல்வது கேட்டது. பிறகு மறுபடி போனுக்கு வந்தாள். "நீங்க வாயத் தெறந்தீங்களா?"

"கொஞ்சம்."

"தெரியும். சரி, அவளுக்குக் கால் எப்படி இருக்கு?"

லிஃப்ட்காரர் மகளைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கு என்று சொன்னால் மகள் அவர் பக்கம். வீங்கியிருக்கு என்று சொன்னால் அதுதான் சரி, ஆனால் இப்போதுதான் திறந்த கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். எதைச் சொன்னாலும், அவளைக் கேட்காமல் அவள் காலுக்கு அவர் முடிவு செய்ததாகத்தான் ஆகும். ஒரு தடவை அப்படிச் செய்து பட்டது போதும் என்று அவருக்குத் தோன்றியது.

"என்னங்க, கேக்குதா?"

"கேக்குது. இரு, அவளே சொல்லுவா. அவ காலு."

போனை மகளிடம் நீட்டினார். இப்படி ஒன்றை அவள் எதிர்பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பாப்பா? ஹலோ? பாப்பா?" என்று அம்மாவின் குரல் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

சேறு காய்ந்த கையால் அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா..." என்றாள்.

லிஃப்ட்காரர் எழுந்து போகவில்லை. அந்த வீங்கிய காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாமல், ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.